சூதுப் பொறியும் சுதந்திரமும்

மனிதன் ஆக்கிய கருவிகளுக்கும் மனிதனின் ஒழுக்கத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. கத்தி கனியையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். குற்றம் கத்தியினுடையதன்று, அதைப் பிடித்த கையினுடையது என்பர். கத்தியைப் பொறுத்தவரை இவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். ஆனால், பிடிக்கும் கையையே தன் போக்குக்கு இழுத்துச் செல்லுமாறு திட்டமிட்டு அமைக்கப்பட்ட கருவிகளைப் பற்றி நாம் என்ன சொல்வது? அத்தகைய கருவி ஒன்றில் சிறிய உறுப்பொன்றைக் கூட்டுவதும் குறைப்பதும் வெறும் தொழில்நுட்பக் காரியந்தானா, அல்லது அறத்தைப் பற்றிய தீர்ப்பும் அதனுள் மறைந்திருக்கிறதா?

இக்கேள்வியை ஆராய்வதற்கு மிகச் சிறிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலே பழைய காசுச் சூதுப் பொறிகளைத் தேடிச் சேகரித்துப் பழுதுபார்த்து வைத்திருப்போர் பலர் உளர். நாணயக் குற்றியை மட்டுமே விழுங்கத் தெரிந்த அப்பொறிகளுக்கு, நாணயத்தாளை ஏற்கும் புதிய வாய் ஒன்றைப் பொருத்தலாமா என்பது அவர்கள் முன் உள்ள பிரச்சினைகளுள் ஒன்று. சட்டைப் பையிலே சில்லறை வைத்திருப்போர் அருகிவிட்ட காலத்தில், பொறி தாளையும் ஏற்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இது பட்டறையில் எழும் ஒரு சில்லறைச் சந்தேகமே. ஆனால் சில தசாப்தங்களுக்கு முன்னர் சூதாட்டத் தொழில் முழுவதுமே இதே மாற்றத்தைத் தன் பொறிகளிற் செய்து முடித்தது. அதனால் விளைந்தவற்றை நோக்கினால், ஒரு துவாரத்தின் அகலத்துக்குள்ளே மனித சுதந்திரம் பற்றிய பெரிய கேள்வி அடங்கியிருப்பதை நாம் உணரலாம்.

இப்பொறியின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ நகரிலே உருப்பெறுகிறது. பவேரியாவில் 1862இற் பிறந்து, பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற சார்ள்ஸ் ஃபே என்னும் இயந்திரத் தொழிலாளி, 'லிபேர்ட்டி பெல்' என்ற பெயரில் மூன்று சக்கரப் பொறி ஒன்றை அமைத்தார். குதிரை லாடமும், சீட்டுக்கட்டின் சின்னங்களும், அமெரிக்க விடுதலையின் அடையாளமான மணியும் அச்சக்கரங்களிலே தீட்டப்பட்டிருந்தன. ஐந்து சத நாணயம் ஒன்றை இட்டுக் கைபிடியை இழுத்தால் சக்கரங்கள் சுழன்று ஒவ்வொன்றாக நிற்கும். மூன்று மணிகள் ஒரே வரிசையில் வந்தால் உச்சப் பரிசு. அப்பரிசும் ஐம்பது சதமே, அதாவது பத்து நாணயங்கள். விடுதலையின் சின்னத்தைச் சூதுப் பொறியின் நெற்றியிலே தீட்டியபோது அதன் முரண்பாட்டை எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. ஆனால் இப்பொறியின் வரலாறு நெடுகிலும் 'சுதந்திரம்' என்ற அச்சொல்லே அதன் வக்கீலாக நின்று வந்திருக்கிறது.

அந்தப் பழைய பொறி இயங்கிய விதத்தைச் சற்று உற்று நோக்குவது பயன்தரும். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. நாணயம் உள்ளே விழுந்ததும், பூட்டப்பட்டிருந்த கைபிடி விடுபடும். ஆடுபவன் கைபிடியை இழுக்கும்போது உள்ளேயுள்ள சுருள்வில் முறுகும். அது விடுபடும் விசையிலே சக்கரங்கள் சுழலும். பின்னர், சக்கரங்களோடு இணைந்த தட்டுகளில் உள்ள துளைகளை உலோக விரல்கள் தடவிப் பார்த்து, வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். வென்றால் ஒரு குழாயிலே அடுக்கப்பட்டிருக்கும் நாணயங்கள் சரிந்து வெளிவரும். இவ்வளவுக்கும் வேண்டிய சக்தி ஆடுபவனின் புயத்திலிருந்தே வருகிறது. பகல் முழுவதும் முதலாளியின் இயந்திரத்தை இயக்கிய கை, மாலையிலே தன் கூலியைப் பறிக்கும் இயந்திரத்தையும் தன் சொந்த வலுவினாலேயே இயக்கியது. இதைவிடச் சிக்கனமான சுரண்டல் முறையொன்றைக் கற்பனை செய்வது கடினம்.

ஆகவே பழைய பொறியை நாம் மாசற்றதென்று போற்ற வரவில்லை. அது பிறந்த நாள் தொட்டே வஞ்சகத்தோடு வளர்ந்தது. 1909இல் சான் பிரான்சிஸ்கோ நகரமும் 1911இல் கலிபோர்ணியா மாநிலமும் அதனைத் தடைசெய்தன. சட்டத்தின் கண்ணைக் கட்டுவதற்காகச் சிக்காகோவின் மில்ஸ் நிறுவனம் போன்றவை சுவிங்கம் விற்கும் பொறி என்ற வேடத்தை அதற்கு அணிவித்தன. இன்றும் அச்சக்கரங்களிலே காணப்படும் செர்ரி, பிளம் முதலிய பழங்கள் அந்த வேடத்தின் எச்சங்களே. 1934இல் நியூயோர்க் நகர மேயர் லா கார்டியா, பறிமுதல் செய்யப்பட்ட பொறிகளைப் பொதுமக்கள் காணச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் கடலில் எறிவித்தார். பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து தவித்த மக்களின் கடைசி ஐந்து சதத்தையும் விழுங்கிய பொறிக்கு அது தகுந்த தண்டனையே எனலாம். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1931இல், நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டது. ஓரிடத்திலே சம்மட்டியை ஓங்கிய அரசு, மற்றோரிடத்திலே கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது.

எனினும், அந்தப் பழைய பொறியிடம் ஒரு தன்மை இருந்தது. அதனை அமைத்தவர்கள் நற்பண்பாகக் கருதி வைத்ததன்று அது. அக்காலத் தொழில்நுட்பத்தின் குறைபாடு காரணமாகத் தானாகவே அமைந்தது. அப்பொறிக்கு நினைவாற்றல் இல்லை. ஓர் ஆட்டம் முடிந்ததும் கைபிடி மீண்டும் பூட்டிக்கொள்ளும். முன்னர் ஆடியவன் யார், எவ்வளவு இட்டான், இன்னும் எவ்வளவு ஆட விரும்புகிறான் என்பதொன்றும் அதற்குத் தெரியாது. அடுத்த ஆட்டத்துக்கு அடுத்த நாணயம் வேண்டும். அந்த நாணயத்துக்காகக் கை பைக்குள்ளே போக வேண்டும். விரல்கள் எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்த்துவிடும். பையின் பாரம் குறைந்திருப்பதை உடம்பே உணர்ந்துவிடும். 'இன்னும் ஒன்று இடுகிறாயா?' என்று அப்பொறி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் ஆடுபவனைக் கேட்டது. 'ஆம்' என்று சொல்வதற்கு அவன் ஒவ்வொரு முறையும் ஒரு செயலைப் புரிய வேண்டியிருந்தது. 'இல்லை' என்று சொல்ல விரும்பினால் ஒன்றுமே செய்யாதிருந்தாற் போதும்.

இப்பொழுது அப்பொறிக்குத் தாளேற்கும் வாய் ஒன்றைப் பொருத்துவோம். சிறிய மோட்டார் ஒன்று தாளை உள்ளிழுக்கிறது. ஒளி உணரிகள் அதன்மீது ஒளியைப் பாய்ச்சி, அது எத்தகைய தாள், உண்மையானதா போலியா என்று சோதிக்கின்றன. ஏற்றுக்கொண்டதும், அத்தாளின் பெறுமதிக்கு ஏற்ற எண்ணிக்கையில் மின் துடிப்புகளை அது அனுப்புகிறது. கால் டொலர் நாணயத்தால் இயங்கும் பொறிக்கு ஒரு டொலர் தாள் நான்கு துடிப்புகள். பழைய பொறியோ ஒரு நேரத்தில் ஒரு நாணயத்தையே அறியும். மிகுதி மூன்று துடிப்புகளை அது என்ன செய்யும்? அவற்றை எங்கேனும் தேக்கி வைக்க வேண்டும். ஆகவே தாளேற்கும் வாயோடு, வரவு வைக்கும் நினைவு ஒன்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டியதாகிறது. இவ்விடத்திலேதான் பொறியின் இயல்பே மாறிவிடுகிறது. முன்பு ஒவ்வொரு முறையும் கேட்ட பொறி, இனி ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு, கிடைத்த சம்மதத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. இருபது டொலர் தாள் ஒன்று கால் டொலர் பொறியிலே எண்பது ஆட்டங்களுக்கான சம்மதமாகும். எண்பது முறை கேட்கப்பட வேண்டிய கேள்விக்கு ஒரே தடவையில் முன்கூட்டிப் பெறப்பட்ட விடை அது.

சேகரிப்போர் தம் பட்டறையிலே சிந்திக்கும் இம்மாற்றத்தைச் சூதாட்டத் தொழில் பெருமளவிலே, படிப்படியாக, நன்கு கணக்கிட்டுச் செய்தது. 1960களின் முற்பகுதியில் பாலி நிறுவனம் மின்விசையால் இயங்கும் பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாணயங்களைக் கொட்டும் பெரிய கிண்ணம் அதன் வயிற்றில் அமைந்தது. காலப்போக்கில் கைபிடிக்குப் பதிலாக அழுத்தும் பொத்தான் வந்தது. 1984இல் பெறப்பட்ட காப்புரிமை ஒன்று, கண்ணுக்குத் தெரியும் சக்கரத்துக்கும் உண்மையான வாய்ப்புக்கும் இருந்த உறவையே அறுத்துவிட்டது. சக்கரம் எங்கே நிற்க வேண்டுமென்பதைக் கணினிச் சில்லு தீர்மானித்தது. 1990களிலே தாளேற்கும் வாய் பரவலாயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாணயம் பெரும்பாலும் விடைபெற, அச்சிட்ட சீட்டு அதன் இடத்தைப் பிடித்தது. முன்பு சூதாட்ட மண்டபங்களிலே இடுப்பிற் சில்லறைப் பையைக் கட்டிக்கொண்டு தாளுக்கு நாணயம் மாற்றிக் கொடுக்கப் பெண்கள் நடமாடினர். நாணயம் எண்ணுவோரும் சுமப்போரும் இருந்தனர். அவர்களது வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. ஆடுபவனுக்கு இருந்த இடைவேளையும் தொழிலாளிக்கு இருந்த வேலையும் ஒரே மாற்றத்தினால் ஒழிந்தன. முதலாளித்துவம் இவ்விரண்டையும் ஒரே பெயராலேயே அழைக்கிறது: வீண்விரயம்.

இடைவேளையை ஏன் வீண்விரயம் என்று கருத வேண்டும்? கணக்கைப் பார்ப்போம். ஒரு பொறி தன்னிடம் வைக்கப்படும் பந்தயத்திலே நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தனக்கென்று நிறுத்திக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். கால் டொலர் பந்தயத்தில் மணிக்கு 300 ஆட்டங்கள் ஆடப்பட்டால் பொறியின் சராசரி வரவு ஏழரை டொலர். அதே பொறியில் மணிக்கு 600 ஆட்டங்கள் ஆடப்பட்டால் வரவு பதினைந்து டொலர். வாய்ப்பு விகிதம் மாறவில்லை, பந்தயத் தொகை மாறவில்லை, பரிசும் மாறவில்லை. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் இருந்த சில கணங்கள் மட்டுமே அகற்றப்பட்டன. அக்கணங்களே இலாபமாக மாறின. வேலைநாளின் இடைவெளிகளை எல்லாம் நெருக்கி, ஒவ்வொரு நிமிடத்தையும் உழைப்பால் நிரப்பும் தொழிற்சாலை முதலாளியின் முறையை மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலே விரிவாக ஆராய்ந்தார். அதே முறை தொழிலாளியின் ஓய்வு நேரத்துக்குள்ளும் நுழைந்திருப்பதை நாம் இங்கே காண்கிறோம்.

தமிழிலே 'பொறி' என்ற சொல் இயந்திரத்தைக் குறிக்கும். எலி பிடிக்கும் சாதனத்தையும் குறிக்கும். கண், காது முதலிய புலன் உறுப்புகளையும் குறிக்கும். சூதுப் பொறியைப் பொறுத்தவரை இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. புலன்களாகிய பொறிகளின் வழியாக நுழைந்து மனிதனைப் பிடித்து வைக்கும் இயந்திரம் அது. நல்ல எலிப்பொறியின் இலக்கணம் உள்ளே நுழைவது எளிதாயும் வெளியேறுவது அரிதாயும் இருப்பதாகும். தாளேற்கும் வாயும் அத்தகையதே. நுழைய ஒரு செயல் போதும். வெளியேறுவதற்குத்தான் இப்பொழுது ஆடுபவன் வலிந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முன்பு சும்மா இருந்தாலே ஆட்டம் நின்றது. இப்பொழுது நிறுத்துவதற்கு முயற்சி வேண்டும்.

இங்கே சுதந்திரவாதிகள் குறுக்கிடுவர். வயது வந்த மனிதன் தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவிடுகிறான். அவனை எவரும் பலவந்தப்படுத்தவில்லை. நாணயமாக இட்டால் என்ன, தாளாக இட்டால் என்ன, சம்மதம் சம்மதந்தானே என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. மக்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களுடைய நன்மையை அவர்களுக்காகத் தாமே முடிவு செய்யும் மேலோர் மனப்பான்மை முற்போக்கு அணியினரிடமும் சில வேளை தலைகாட்டுவதுண்டு. உழைக்கும் மக்கள் தம் விருப்பத்தை அறியாதவர்கள் என்று எண்ணுபவன், அவர்களுடைய விடுதலையைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன்.

ஆயினும் சுதந்திரம் என்ற கொள்கையின் தலைசிறந்த வழக்கறிஞரான ஜோன் ஸ்டூவர்ட் மில்லே, 1859இல் வெளியிட்ட தமது நூலிலே இரு இடங்களில் தயங்கி நிற்கிறார். தன்னைத் தானே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் சுதந்திரத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது என்கிறார். ஏனெனில் அந்த ஒரு செயலினால் எதிர்காலத்துச் சுதந்திரம் முழுவதையும் மனிதன் கைவிட்டுவிடுகிறான். அவ்வாறே, சூதாடுபவனைச் சமுதாயம் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்று கூறும் அவர், சூதாட்ட விடுதி நடத்துபவனுக்கும் அதே சுதந்திரத்தை அளிக்கலாமா என்ற கேள்விக்கு எளிதில் விடை கூறவில்லை. பிறருடைய பலவீனத்தை வளர்ப்பதிலேயே தன் நலனைக் கண்டவனது செயல், தன் வாழ்வைத் தான் நடத்துபவனது செயலினின்றும் வேறுபட்டது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இத்தயக்கங்களை இணைத்து நோக்கினால் நமக்கு ஓர் உண்மை புலப்படும். சம்மதம் என்பது ஒரு பொருளைப் போல ஒரே தடவையில் கைமாற்றிக் கொடுத்துவிடக்கூடியதன்று. அது கணந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. திரும்பப் பெறக்கூடியதாய் இருக்கும் வரையிலேதான் அது சம்மதம். இருபது டொலரை இழந்தபின் எழுந்து போவோம் என்ற உறுதியோடு மனிதன் பொறியின் முன் அமர்கிறான். அமர்ந்தபோது இருந்த மனிதனும், அறுபதாவது ஆட்டத்தில் விறைத்த கண்களோடு பொத்தானை அழுத்துபவனும் உடலால் ஒருவரே. ஆனால் முடிவெடுக்கும் ஆற்றலால் ஒருவரல்லர். நல்லதை அறிந்தும் அதன்படி நடவாத மனத்தளர்ச்சியை அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிலே தனியாக எடுத்து ஆராய்ந்தமைக்கும் இத்தகைய அனுபவமே காரணமாகும். பழைய பொறி, தன்னை அறியாமலே, தெளிந்த மனிதனுக்கு அறுபது தடவை திரும்பி வர வாய்ப்பளித்தது. புதிய பொறி அவனைத் தெளிந்த நிலையிலே ஒருமுறை சந்தித்து, எஞ்சிய நேரம் முழுவதும் தளர்ந்தவனோடு மட்டுமே வியாபாரம் பேசுகிறது.

இடைவேளை இருந்தால் மட்டும் மனிதன் தப்பிவிடுவானா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாரதக் கதையிலே தருமனிடம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னர் அடுத்த பந்தயம் யாது என்று கேட்கப்பட்டது. நாடும் நகரமும் தம்பியரும் தானும் ஆக ஒன்றன்பின் ஒன்றாகவே அவன் இழந்தான். இடையிலே விதுரன் எச்சரிக்கவுஞ் செய்தான். எனினும் அவன் நிறுத்தவில்லை. ஏன்? சூதுக்கு அழைத்தால் மறுப்பது அரச குலத்துக்கு இழுக்கு என்ற மரபு அவனைப் பிணித்திருந்தது. கேள்வி கேட்கப்பட்டது, ஆனால் 'இல்லை' என்னும் விடைக்கு அச்சபையிலே இடமிருக்கவில்லை. இடைவேளை வெறும் காலமாக இருந்தாற் போதாது, அதனைப் பயன்படுத்தும் நிலையும் மனிதனுக்கு வேண்டும் என்பதையே இக்கதை உணர்த்துகிறது. இதிலிருந்து இடைவேளை பயனற்றது என்று முடிவு கட்டுவது தவறு. அது தேவை, ஆனால் அது மட்டும் போதாது.

அது தேவை என்பதற்கு வெறும் தருக்கம் மட்டுமன்றி, ஒரு நாட்டின் அனுபவமும் சான்றாக உள்ளது. நோர்வே நாட்டிலே கடைகளிலும் புகையிரத நிலையங்களிலும் சூதுப் பொறிகள் மலிந்திருந்தன. 2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்நாட்டு அரசு அப்பொறிகளின் தாளேற்கும் வாயைத் தடைசெய்தது. பொறிகள் அகற்றப்படவில்லை. சக்கரங்களும் பரிசுகளும் வாய்ப்பு விகிதங்களும் முன்போலவே இருந்தன. நாணயத்தால் ஆட விரும்புவோர் தடையின்றி ஆடலாம். எவருடைய சுதந்திரத்திலும் கை வைக்காமல், கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்கும் பழைய முறை மட்டுமே திரும்பக் கொண்டுவரப்பட்டது. இளைஞரிடையே இதன் விளைவை ஆராய்ந்தவர்கள், பொறியில் ஆடும் பழக்கமும் சூதாட்டத்தால் அல்லற்படுவோர் தொகையும் குறைந்தமையைக் கண்டனர். ஒரு சிறு வாயை அடைத்ததும், முன்பு 'விருப்பம்' என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி மறைந்துவிட்டது. அவ்வாறு மறைந்த பகுதி உண்மையில் எவருடைய விருப்பம்? ஆடியவனுடையதா, பொறியினுடையதா?

அடுத்த ஆண்டு, 2007 ஜூலையில், அப்பொறிகள் அனைத்துமே அகற்றப்பட்டன. பின்னர் அரச நிறுவனம், ஆடுபவரின் பெயரில் அட்டை வழங்கி, இழக்கக்கூடிய தொகைக்கு எல்லை வகுத்த வேறு பொறிகளை வைத்தது. இவ்வரலாற்றிலே நாம் மறக்கக்கூடாத செய்தி ஒன்றுண்டு. அகற்றப்பட்ட பொறிகளின் வருவாயிலே பெரும்பங்கு செஞ்சிலுவைச் சங்கம் போன்ற மனிதாபிமான நிறுவனங்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. நோயாளிக்கு மருந்தும் அகதிக்குப் போர்வையும் அப்பணத்தால் வாங்கப்பட்டன. நல்ல காரியத்துக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது சங்கடமானது. ஆனால் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்து மற்றொரு குடும்பத்துக்குக் கஞ்சி வார்ப்பது தருமமாகாது. துன்பத்தை உற்பத்தி செய்து, அதன் இலாபத்தினாலேயே துன்பத்தைத் துடைக்கும் அமைப்பு, துன்பம் குறையாதிருப்பதையே தன் வரவு செலவுத் திட்டத்தின் அடிப்படையாக்கிக்கொள்கிறது.

அவுஸ்திரேலியாவின் வரலாறு இதற்கு எதிர்த்திசையிற் செல்கிறது. 1956இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சங்க விடுதிகளிலே இப்பொறிகளைச் சட்டபூர்வமாக்கியது. காலப்போக்கில் அவை அங்கே பெருந்தொழிலாக வளர்ந்தன. 2010இல் அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணைக்குழு, ஒரு பொத்தான் அழுத்தலுக்கான பந்தயத்தை ஒரு டொலராகவும், ஒரே தடவையில் பொறியினுள் இடக்கூடிய பணத்தை இருபது டொலராகவும் கட்டுப்படுத்துமாறு பரிந்துரைத்தது. தெற்கு அவுஸ்திரேலியா மாநிலமோ நெடுங்காலம் தாளேற்கும் வாயை அனுமதிக்காமலே இருந்தது. 2019இல் நிறைவேறிய சட்டத்தினால் அத்தடையும் நீங்கியது. ஒரு நாடு அனுபவத்தால் அடைத்த வாயை மற்றொரு மாநிலம் தெரிந்துகொண்டே திறந்தது. அறிவு குறைந்தமையால் இது நிகழவில்லை. இலாபத்தின் குரல் அறிவின் குரலைவிட ஓங்கி ஒலித்தமையாலேயே நிகழ்ந்தது.

இனி, தருமன் கதை விட்டுச்சென்ற கேள்விக்கு வருவோம். இடைவேளையைப் பயன்படுத்த முடியாத நிலைக்கு மனிதனைத் தள்ளுவது எது? லாஸ் வெகாஸ் நகரிலே நீண்ட காலம் கள ஆய்வு நடத்தி, 2012இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் நடாஷா டௌ ஷூல், பொறியின் முன் மணிக்கணக்காக அமர்ந்திருப்போர் பலர் வெற்றிக்காக ஆடவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். காலமும் கவலையும் தன்னுணர்வும் கரைந்துபோகும் ஒரு மயக்க நிலையில் நீடித்திருப்பதே அவர்களுடைய நாட்டம். சில வேளை வெற்றிகூட அம்மயக்கத்தைக் கலைக்கும் இடையூறாகவே தோன்றுகிறது. நாள் முழுவதும் பிறருக்காகச் சிரித்து, பிறருடைய கட்டளைக்கு ஓடி, பிறருடைய கடிகாரத்துக்கு வாழும் மனிதனுக்கு, எவரும் எதுவும் கேளாத ஓரிடம் தேவைப்படுகிறது. அந்தத் தேவையைச் சமுதாயம் நல்வழியில் நிறைவேற்றத் தவறும்போது, பொறி அதனை விலைக்கு விற்கிறது.

வள்ளுவர் சூது பற்றிய அதிகாரத்தை அறத்துப்பாலில் அமைக்காமல் பொருட்பாலிலே, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே அமைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. சூது தனிமனிதனின் பாவம் மட்டுமன்று. அது அரசியலோடும் பொருளியலோடும் சேர்த்து ஆராய வேண்டியது. போதைக்கும் நோய்க்கும் இடையில் அதன் இடம் உள்ளது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது நோய் வகைப்பாட்டு நூலைத் திருத்தியபோது, சூதாட்ட நோயைப் போதைப் பழக்கங்களின் வரிசையிலே சேர்த்தது. பழைய நூலின் வரிசையை நவீன மருத்துவமும் தன் வழியே வந்தடைந்தது.

இவ்வளவும் ஆராய்ந்தபின், பழம்பொறி சேகரிப்போரின் கேள்விக்கு நாம் என்ன விடை கூறலாம்? கலிபோர்ணியா மாநிலச் சட்டம், 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொறியைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்தாதவரை ஒருவர் வைத்திருக்க இடமளிக்கிறது. தன் வீட்டு மண்டபத்திலே, கிண்ணம் நிறைய நாணயங்களை விருந்தினர் முன் வைத்து, ஆட்டம் முடிந்ததும் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்பவர் எவருடைய கூலியையும் பறிக்கவில்லை. அங்கே பொறி ஒரு நினைவுச்சின்னம். அவர் அதற்குத் தாள் வாயைப் பொருத்தினாலும் எவரும் ஏழையாகப் போவதில்லை. இதனை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே பொறியை மதுச்சாலையின் மூலையிலே வைத்து, வாரச் சம்பளத்தோடு வருபவனின் முன் நிறுத்தும்போது அது முற்றிலும் வேறொரு பொருளாகிவிடுகிறது. உறுப்பு ஒன்றே, உறவு மாறுகிறது. கருவியின் அறம் அது எத்தகைய மனித உறவுக்குள் வைக்கப்படுகிறது என்பதிலேயே தங்கியுள்ளது.

எனினும், வீட்டிலே வைத்திருப்பவருக்கும் நாம் சொல்ல ஒன்றுண்டு. பழம்பொருள் என்பது ஒரு சாட்சி. அதன் முகப்பை அறுத்துப் புதிய வாயைப் பொருத்துவது, அச்சாட்சியின் வாக்குமூலத்தைத் திருத்துவதாகும். மனிதனைச் சுரண்டிய பொறிகூட ஒரு காலத்தில் அவனை ஒவ்வொரு முறையும் கேட்டே சுரண்டியது. அவ்வாறு கேட்பதைக் கைவிடுவதற்குப் பின்னர் எவ்வளவு அறிவும் பணமும் செலவிடப்பட்டன. இவ்வரலாற்றை அந்த ஒடுங்கிய நாணயத் துவாரம் சொல்லாமற் சொல்கிறது. அடுத்த தலைமுறை அதனைப் பார்த்து வியக்கட்டும். வியப்பவன் பின்னர் கேள்வி கேட்பான்.

அக்கேள்விக்கு இன்று தேவை பெருகியிருக்கிறது. சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியே சூதுப் பொறியாகிவிட்டது. நாணயமும் வேண்டாம், தாளும் வேண்டாம். ஒருமுறை பதிந்து வைத்த வங்கி அட்டை எத்தனை ஆட்டத்துக்கும் சம்மதமாக நிற்கிறது. 2019இல் பிரித்தானியா, பந்தயக் கடைப் பொறிகளின் உச்சப் பந்தயத்தை நூறு பவுணிலிருந்து இரண்டு பவுணாகக் குறைத்தது. 2020இல் கடனட்டை மூலம் சூதாடுவதைத் தடைசெய்தது. இவை சிறு அணைகள். வெள்ளத்தின் ஊற்று வேறிடத்தில் உள்ளது என்பதை நாம் அறிவோம். மனிதனின் களைப்பும் தனிமையும் பாதுகாப்பின்மையும் இலாபத்துக்குரிய மூலப்பொருளாக இருக்கும் வரையில், ஒரு வாயை அடைத்தால் மறு வாய் திறக்கும். ஆனால் ஊற்றை அடையும் நாள்வரை அணை வேண்டாம் என்று கூறுவது புரட்சியுமன்று, பொறுப்புமன்று. மூழ்கிக்கொண்டிருப்பவர்கள் நம்முடைய மக்கள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடயத்திலே செய்யக்கூடியது யாது? வசதி என்று நம் முன் வைக்கப்படும் ஒவ்வொன்றையும் நோக்கி, எதனை எளிதாக்குகிறது, எதனை அரிதாக்குகிறது, இவ்வெளிமையால் இலாபம் அடைபவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொள்வோம், பிறருக்கும் கற்பிப்போம். மறுப்பதற்கு ஒரு கணம் விட்டு வைக்காத அமைப்பு, எத்தனை மணிகளைத் தன் நெற்றியிலே தீட்டிக்கொண்டாலும், சுதந்திரத்தின் நண்பனாக முடியாது. மனிதன் நின்று நிதானித்து 'இல்லை' என்று சொல்லக்கூடிய அந்த ஒரு கணத்தைக் காப்பதும், அக்கணத்தைப் பயன்படுத்தும் வலிமையை அவனுக்கு அளிக்கும் சமுதாயத்தைக் கட்டுவதும் ஒரே போராட்டத்தின் இரு பணிகளாகும்.